டேப் பாடினால்தான் கம்ப்யூட்டர் எழுதும்: கேசட் நகலெடுப்பு, ஓர் எளிய விளக்கம்

"கேசட்டைக் கன்வெர்ட் பண்ணித் தருவீங்களாண்ணே?" வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்து போட்டோ ஸ்டூடியோக்களிலும் செல்போன் ரிப்பேர் கடைகளிலும் இந்தக் கேள்வி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பரணில் இருந்து இறங்கும் பிஸ்கட் டப்பாவில் கல்யாண நாதஸ்வரம் இருக்கும், மாதா கோயில் திருவிழாப் பாட்டு இருக்கும், தெருமுனையில் பாடிய கானா இருக்கும், துபாயில் இருந்து பேசி அனுப்பிய குரல் கடிதம் இருக்கும். சினிமாப் பாட்டு கேசட் போனால் வேறு எங்காவது அந்தப் பாட்டு கிடைத்துவிடும். இவை போனால் போனதுதான்.

கன்வெர்ட் என்ற அந்தச் சொல்லில்தான் குழப்பமே தொடங்குகிறது. ஒரு பக்கம் கேசட்டைப் போட்டால் மறுபக்கம் ஃபைல் வந்து விழும் என்று தோன்றவைக்கிறது. அதிலிருந்து இரண்டு எதிர்பார்ப்புகள் பிறக்கின்றன. ஒன்று, "ஒரு மணி நேரக் கேசட்டுக்கு அஞ்சு நிமிஷம் போதாதா?" இன்னொன்று, "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா சவுண்டு கிளியர் ஆயிடும்ல?" இரண்டும் தவறு. காரணமும் ஒன்றேதான்.

கேசட்டுக்குள் ஃபைல் கிடையாது

காசிமேட்டுக் கடற்கரை மணலில் சின்னப் பிள்ளைகள் காந்தத்தை இழுத்து விளையாடும்போது கறுப்பாக இரும்புத் துகள் ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பலமடங்கு நுணுக்கமான இரும்பு ஆக்சைடு துகளைப் பசையில் குழைத்து, மெல்லிய பாலியெஸ்டர் நாடா மேல் பூசியிருக்கிறார்கள். அதுதான் டேப். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த கேசட்டில் நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஏ சைடு, பி சைடு இரண்டும் அந்த அகலத்துக்குள்ளேயே மேலும் கீழுமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

பதிவு செய்யும்போது குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்றபடி துகள்கள் கூடவோ குறையவோ காந்தமேறுகின்றன. திரும்ப ஓட்டும்போது நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஹெட் மீது உரசிப் போகிறது. ஹெட் என்பது முகப்பில் ஒரு மைக்ரான் அளவுக்கு மெல்லிய பிளவு வைத்த சிறு மின்காந்தம். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காந்தத் துகள்கள் அந்தப் பிளவைத் தாண்டித் தாண்டிப் போகும்போது ஹெட்டில் மிகச் சிறிய மின்சாரம் எழுகிறது. அதைப் பெருக்கி ஸ்பீக்கரில் விட்டால் குரல் கேட்கும். இப்படி ஒலி அலையின் வடிவத்தை அப்படியே பின்பற்றி ஏறி இறங்கும் மின்சாரத்துக்குத்தான் அனலாக் சிக்னல் என்று பெயர்.

நாடா நின்றுவிட்டால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் குரல் இல்லை. பென் டிரைவில் இருப்பது எண்கள், அவற்றை எந்த வேகத்திலும் அள்ளிக்கொள்ளலாம். டேப்பை அதற்குரிய வேகத்தில் ஓட்டித்தான் கேட்க முடியும். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம், 90க்கு 90.

எண்ணாக மாறும் இடம்

மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு கம்பம் நட்டு, அதில் அளவுக்கோடுகள் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஒரு கணக்குப்பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் கம்பத்தில் எந்தக் கோடு வரை நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. மணிக்கு ஒரு தரம் எழுதினால் கடல் ஏற்றமும் வற்றமும் தெரியும், அலை தெரியாது. நொடிக்கு ஒரு தரம் எழுதினால் அலையும் தெரியும். பின்னால் அந்த எண்களைப் புள்ளியாக வைத்து இணைத்தால் அன்றைய கடலை அப்படியே வரைந்துவிடலாம்.

கணினியில் இந்தக் கணக்குப்பிள்ளை வேலையைச் செய்யும் சில்லுக்கு ஏடிசி என்று பெயர். அனலாக்கை டிஜிட்டலாக, அதாவது எண்ணாக மாற்றுவது அதுதான். நொடிக்கு எத்தனை முறை எழுதுகிறது என்பது சாம்பிள் ரேட். இசைக்கான வழக்கமான அளவு நொடிக்கு 44,100 முறை. கம்பத்தில் எத்தனை கோடுகள் என்பது பிட் அளவு. 16 பிட் என்றால் 65,536 கோடுகள்.

ஓர் அலையைப் பிடிக்க அதற்குள் இரண்டு தடவைக்கு மேல் அளந்தால் போதும். ஆக, 44,100 என்ற அளவில் நொடிக்கு 20,000 அதிர்வு வரையிலான ஒலி, அதாவது மனிதக் காது எட்டும் எல்லை முழுவதும், அடங்கிவிடுகிறது. ரேடியோவும் கேசட் பிளேயரும் ஒன்றாக இருக்கும் வீட்டு டூ-இன்-ஒன்னில் பதிந்த டேப் 12,000, 15,000 அதிர்வைத் தாண்டுவதே அபூர்வம். "192 கிலோஹெர்ட்ஸில் எடுத்துத் தருகிறோம்", அதாவது நொடிக்கு 1,92,000 முறை அளந்து தருகிறோம் என்று கூடுதல் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். சின்னப் பையில் இருக்கும் அரிசிக்குப் பெரிய மூட்டை எதற்கு?

கணக்குப்பிள்ளை நேர்மையானவர், ஆனால் கண்ணில் பட்டதை மட்டும்தான் எழுதுவார். பனி மூடியிருந்தால் மங்கலாகத் தெரிந்ததை எழுதுவார், கம்பம் ஆடினால் ஆட்டத்தையும் சேர்த்து எழுதுவார். டேப் மந்தமாக ஓடினால் கணினி அந்த மந்தத்தை மிகத் துல்லியமாகப் பதிந்து வைக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: டேப்பில் இருப்பது காந்தத் தடம். ஓடும்போது மட்டும் அது மின்சாரமாகிறது. அந்த மின்சாரத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதினால் ஃபைல். நகலின் தரம் முக்கால்வாசி பிளேயரிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் பிளேயர்

இணையக் கடைகளில் வாக்மேன் வடிவத்தில் யூஎஸ்பி ஒயரோடு விற்கும் "கேசட் கன்வெர்ட்டர்" பலருக்கும் ஆசை காட்டும். பெரும்பாலும் அதற்குள் இருப்பது லேசான மோட்டார், சின்னச் சக்கரம், மலிவான ஹெட். வேகம் நிலையாக நிற்காது. நாதஸ்வரத்தின் நீண்ட கார்வை அதில் அலைபாயும். அந்த அலைச்சல் ஃபைலில் ஏறிவிட்டால் பிறகு எடுப்பது கடினம். வீட்டில் பழைய நேஷனல் பானாசோனிக்கோ சோனியோ தூங்கிக்கொண்டிருந்தால், அதைச் சரிசெய்து பயன்படுத்துவதே மேல். ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்ளிஃபையரில் மாட்டும் தனி கேசட் டெக் கிடைத்தால் இன்னும் நல்லது.

நீண்ட நாள் ஓடாத பிளேயரில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது ஹெட். நாடா உரசும் இடத்தில் பழுப்பு நிறத்தில் துகள் படிந்திருக்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து, குச்சியில் பழுப்பு ஒட்டாத வரை துடையுங்கள். ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் கடைகளில் இந்த ஆல்கஹால் கிடைக்கும். கை கழுவும் சானிடைசர் வேண்டாம். அதில் கிளிசரின் கலந்திருப்பதால் துடைத்த இடத்தில் பிசுக்கு படியும். ஹெட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய உலோகத் தண்டு ஒன்று சுழலும். அதன் பெயர் கேப்ஸ்டன், நாடாவின் வேகத்தைத் தீர்மானிப்பது அதுதான். அதையும் துடைக்க வேண்டும்.

இரண்டாவது பின்ச் ரோலர். நாடாவைக் கேப்ஸ்டனோடு சேர்த்து அழுத்தும் கறுப்பு ரப்பர் சக்கரம் இது. ரப்பர் வழவழவென்று பளபளத்தால் பிடிப்பு போய்விட்டது என்று பொருள். நாடா கோணலாக இழுபட்டு வெளியே வந்து சுற்றிக்கொள்ளும். "டேப்பைத் தின்னுடுச்சு" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதன் வேலைதான். ரப்பரை ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரால் துடைத்து நன்றாகக் காயவிடலாம். வெடிப்பு விட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது பெல்ட். மோட்டாரில் இருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ரப்பர் வளையம் 20, 30 வருடத்தில் தளர்ந்துவிடும், சில சமயம் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். ஆல்கஹாலால் சுரண்டித் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பழைய பெல்ட்டை, அறுந்திருந்தாலும், கையோடு எடுத்துப் போய் அளவு பார்த்து வாங்குங்கள். அளவு பெரிதானால் வழுக்கும். சிறிதானால் மோட்டார் திணறும்.

எல்லாம் முடிந்த பிறகு, இழந்தாலும் கவலையில்லாத ஒரு சினிமாப் பாட்டு கேசட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள். அம்மாவின் குரல் இருக்கும் கேசட்டைச் சோதனைக்குப் போடாதீர்கள்.

வேகம் சரியா?

அந்தச் சினிமா கேசட்டே வேகத்தையும் சொல்லிவிடும். டேப்பில் ஒரு பாட்டு எத்தனை நொடி ஓடுகிறது என்று குறித்துக்கொண்டு, அதே பாட்டின் டிஜிட்டல் பதிப்போடு ஒப்பிடுங்கள். டிஜிட்டலில் 270 நொடி, டேப்பில் 278 நொடி என்றால் பிளேயர் சுமார் 3 சதவீதம் மெதுவாக ஓடுகிறது. ஒரே பாட்டை நம்பாமல் இரண்டு மூன்று பாட்டில் பார்ப்பது நல்லது. 6 சதவீதம் தவறினால் சுருதி அரைக் கட்டை மாறிவிடும். ஆர்மோனியம் தெரிந்தவர்கள் உடனே முகம் சுளிப்பார்கள். பேச்சுக் கேசட்டில் குரல் தடித்தோ கீச்சென்றோ கேட்கும், நம் வீட்டு ஆள் மாதிரியே இருக்காது.

பல பிளேயர்களில் மோட்டாரின் பின்பக்க ஓட்டைக்குள் சின்னத் திருகு ஒன்று இருக்கும். அதை மயிரிழை அளவு திருப்பினால் வேகம் கூடும், குறையும். மோட்டாரைத் தொட விருப்பமில்லை என்றால் பதிந்த பிறகு மென்பொருளிலும் வேகத்தைச் சதவீதக் கணக்கில் திருத்தலாம். ஒரே சீராகத் தவறிய வேகத்துக்குத்தான் இது சரிப்படும். கூடிக் குறைந்து ஆடுகிற வேகத்துக்குப் பெல்ட்டும் ரோலரும்தான் மருந்து.

லுங்கியும் கதவிடுக்கும்: ஹெட் அட்ஜஸ்ட்மெண்ட்

வீட்டு நகல்கள் பாழாவதில் பெரும்பங்கு இதற்குத்தான். ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒருக்களித்த கதவின் செங்குத்தான இடுக்கு வழியாகப் பார்க்கிறீர்கள். அந்தப் பக்கம் கோடு போட்ட லுங்கி ஒன்றை, கோடுகள் செங்குத்தாக நிற்கும்படி விரித்துப் பிடித்து, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். இடுக்கும் கோடும் ஒரே திசையில் இருப்பதால் ஒவ்வொரு கோடும் தனித்தனியாக வந்து போவது தெரியும். இப்போது இடுக்கு சற்றே சாய்ந்திருந்தால்? பட்டைக் கோடுகள் அப்போதும் தெரியும். மெல்லிய கோடுகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெறும் சாம்பல் நிறமாகிவிடும்.

லுங்கிதான் நாடா, இடுக்குதான் ஹெட்டின் பிளவு. பட்டைக் கோடு தவில் போன்ற கனத்த ஒலி. மெல்லிய கோடு ஜால்ரா, சலங்கை, பேச்சில் வரும் "ச", "ஸ", "ஷ". நொடிக்கு 10,000 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை நாடாவில் பிடிக்கும் இடம் ஐந்து மைக்ரானுக்கும் குறைவு. ஒற்றைத் தடமாகப் பதியும் மோனோ பதிவில் அந்தத் தடமோ ஒன்றரை மில்லிமீட்டர் அகலம். அந்த அகலத்துக்கு ஹெட் ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்கு சாய்ந்தாலே பிளவின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையில் ஒரு முழு அலை நுழைந்துவிடும். மேல்பாதி ஏற்றம் என்று சொல்லும், கீழ்பாதி இறக்கம் என்று சொல்லும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அந்த ஒலி கிட்டத்தட்ட முழுக்கக் காணாமல் போகும். கேட்பவருக்குப் போர்வைக்குள் இருந்து பேசுவது போல இருக்கும். "டேப்பே வீணாப்போச்சு" என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். குரல் டேப்பில் பத்திரமாகத்தான் இருக்கிறது, ஹெட் கோணலாகப் படிக்கிறது.

இந்தச் சாய்வுக்குப் புத்தகப் பெயர் அசிமுத். மெக்கானிக்குகள் ஹெட் அட்ஜஸ்ட்மெண்ட் என்பார்கள். ஹெட்டின் இரு பக்கமும் இரண்டு சிறு திருகுகள் இருக்கும். அடியில் ஸ்பிரிங் வைத்த திருகுதான் சாய்வை மாற்றுவது. பல பிளேயர்களில் கேசட் ஓடும்போதே அதை எட்டுவதற்கு ஓர் ஓட்டை விட்டிருப்பார்கள். முதலில் திருகு நிற்கும் நிலையை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காந்தமேறாத சிறிய ஸ்க்ரூடிரைவரால் மிக மெதுவாக, கால் சுற்றுக்குள், இரு பக்கமும் திருப்பிக் கேளுங்கள். ஸ்டீரியோ பிளேயராக இருந்தால் இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். "ஸ" ஓசை எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பின்னணியில் கேட்கும் "ஸ்ஸ்" இரைச்சலை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த இரைச்சல் ஹெட் சாய்ந்தாலும் கேட்கும்.

ஒவ்வொரு கேசட்டும் ஒவ்வொரு மெஷினில் பதிந்தது. துபாயில் பதிந்த கேசட்டுக்கு ஒரு நிலை, ராயபுரத்தில் பதிந்ததற்கு வேறு நிலை. கேசட் மாறும்போதெல்லாம் இதைப் பார்க்க வேண்டும். கடையில் மொத்தமாகக் கொடுத்து எடுக்கும்போது இந்த வேலை பெரும்பாலும் நடப்பதில்லை. கொடுப்பதற்கு முன்னால் "ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட் அட்ஜஸ்ட் பண்ணுவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், வரும் பதிலிலேயே கடை தெரிந்துவிடும்.

சுருக்கமாக: துடைத்த ஹெட், பிடிப்புள்ள ரோலர், தளராத பெல்ட், சரியான வேகம், கேசட்டுக்கு ஏற்ற சாய்வு. பிளேயரில் பார்க்க வேண்டியவை இவை.

கேசட்டின் உடம்பு

கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்ன பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் ரெக்கார்டு பட்டன் இறங்காது. தவறி அழுத்தி அழித்துவிடும் பயம் இருக்காது. வேறு எதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

ஜன்னல் வழியாக நாடாச் சுற்றைப் பாருங்கள். கடலோரக் காற்றின் ஈரத்தில், முக்கியமாகக் காசிமேடு, ராயபுரம் போன்ற இடங்களில், சுற்றின் மேல் வெள்ளையாகப் பூ பூத்தது போலத் தெரிந்தால் அது பூஞ்சணம். அந்தக் கேசட்டை ஓட்டக் கூடாது. ஹெட்டில் அப்பிக்கொண்டு அடுத்து வரும் கேசட்டுக்கும் தொற்றும். தூளை மூச்சில் இழுப்பதும் நல்லதல்ல. மூடிய பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனியே வைத்துவிட்டு, அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். 2015, 2023 வெள்ளத்தில் சேறு புகுந்த கேசட்டுக்கும் இதே பதில்தான். வெயிலில் காயவைப்பது, ஹேர் டிரையர் பிடிப்பது இரண்டுமே நாடாவை முறுக்கிவிடும்.

நாடா நடுவில் ஹெட்டைத் தொடும் இடத்தில், செம்புத் தகட்டின் மேல் சின்னக் கம்பளித் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது உதிர்ந்துவிடும். உடனே ஒலி ஏறி இறங்கும், கூர்மை போய்விடும். ஐந்து திருகு வைத்த கேசட் என்றால் திறந்து, நாடாச் சுற்றை அப்படியே நல்ல கூட்டுக்கு மாற்றிவிடலாம். எந்த உருளைக்குப் பின்னால் நாடா போகிறது என்று திறந்தவுடன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அறுந்த நாடாவைச் செல்லோ டேப்பால் ஒட்ட வேண்டாம். அதன் பசை வெயில் காலத்தில் கசிந்து பக்கத்துச் சுற்றையும் சேர்த்து ஒட்டிவிடும். இதற்கென்றே ஸ்பிளைசிங் டேப் இருக்கிறது.

வருடக்கணக்காகக் கிடந்த கேசட்டில் சுற்றுகள் ஒட்டியிருக்கக்கூடும். பென்சிலை விட்டு இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்றால் ஒருமுறை முழுதாக முன்னோட்டி, திரும்பவும் பின்னோட்டி, பிறகு பதியுங்கள். 120 நிமிடக் கேசட்டின் நாடா மிக மெல்லியது. அதை வேகமாக ஓட்டாமல் இருப்பதே நல்லது.

ஒயர்: லாரித் தண்ணீரும் அடிபம்பும்

பிளேயர் தயார். அடுத்த தவறு பெரும்பாலும் ஒயரில் நடக்கிறது.

தெருவில் மெட்ரோ வாட்டர் லாரி வந்து நிற்கிறது. அதன் தடித்த குழாயைச் சொம்பின் வாய்க்குள் நேராகத் திறந்தால் என்ன ஆகும்? அதுதான் மைக் சாக்கெட்டில் டெக்கை மாட்டினால் ஆவது. மைக்ரோஃபோன் தருவது ஒரு சில மில்லிவோல்ட், அடிபம்பில் சொட்டுகிற தண்ணீர் மாதிரி. மைக் சாக்கெட் அந்தச் சொட்டைப் பெருக்குவதற்காகச் செய்தது. டெக்கின் பின்பக்கம் லைன் அவுட் என்று எழுதிய சாக்கெட் தருவதோ கால் வோல்ட்டுக்கு மேல், ஏறக்குறைய நூறு மடங்கு. கரகரவென்று உடைந்த ஒலிதான் மிஞ்சும். போதாததற்கு, லேப்டாப்பின் ஒற்றைச் சாக்கெட்டில் மைக் வழி மோனோ மட்டுமே.

லைன் அவுட்டுக்கு ஜோடி லைன் இன். மேசைக் கணினி பலவற்றின் பின்னால் நீல நிறச் சாக்கெட் அதுதான். இளஞ்சிவப்பு மைக், பச்சை ஸ்பீக்கர். லேப்டாப்புக்கு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி தேவை. சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ சாக்கெட்டில் லைன் உள்ளீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெஹ்ரிங்கர் யூசிஏ 222 அப்படிப்பட்டது. பர்மா பஜாரில் கிடைக்கும் விரல் அளவு யூஎஸ்பி சவுண்டு கார்டுகளில் பெரும்பாலும் மைக் உள்ளீடுதான் இருக்கும். பெயரில் ஸ்டீரியோ என்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

டூ-இன்-ஒன்னில் லைன் அவுட் இல்லையென்றால் ஹெட்ஃபோன் சாக்கெட்டைப் பயன்படுத்தலாம். வாலியூமை மூன்றில் ஒரு பங்கில் இருந்து பாதிக்குள் நிறுத்துங்கள். டோன், பாஸ் குமிழ்கள் நடுவில். பட்டையான பழைய மோனோ ரெக்கார்டரில் ஒரு பக்கம் மட்டும்தான் சிக்னல் வரும், பழுது என்று பயப்பட வேண்டாம்.

"ம்ம்ம்" என்று அடித்தொண்டை முனகல் கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல். எர்த் சரியில்லாத பழைய வீடுகளில் அடிக்கடி வரும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பல சமயம் அதிலேயே நின்றுவிடும். மேசைக் கணினி என்றால் பிளேயரையும் கணினியையும் ஒரே பிளக் போர்டில் மாட்டுங்கள். லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டினால் நடுவில் கரண்ட் போனாலும் கணினி பதிந்த வரை பத்திரமாக இருக்கும். டேப்பை மட்டும் சற்றுப் பின்னோட்டித் தொடரலாம்.

கணினியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். உள்ளீடாக லைன் இன்னையோ யூஎஸ்பி பெட்டியையோ தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பின் சொந்த மைக் தேர்வாகி இருந்தால் டேப்போடு தெரு ஆட்டோ சத்தமும் பதிவாகும். அப்படிப் பதிந்துவிட்டு டேப் சரியில்லை என்று குறைப்படுபவர்கள் நிறையப் பேர். விண்டோஸின் சவுண்டு அமைப்பில் ஒலி மேம்பாடு, இரைச்சல் நீக்கம் ஆகிய வசதிகளை அணைத்துவிடுங்கள். அவை போன் பேச்சுக்காகச் செய்தவை. விடாமல் ஒலிக்கும் தம்புராச் சுருதியை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும்.

சாம்பிள் ரேட் 44,100 அல்லது 48,000. 24 பிட் இருந்தால் அதையே வையுங்கள், 16 பிட்டும் குறைவில்லை.

அடுத்தது அளவு. மீட்டரின் வலது ஓரத்தில் இருக்கும் பூஜ்யம்தான் குடத்தின் விளிம்பு. அதைத் தாண்டும் ஒலி தட்டையாக வெட்டுப்படும், அதற்குப் பெயர் கிளிப்பிங். வெட்டுப்பட்டது திரும்பாது. கல்யாணக் கேசட் என்றால் தாலி கட்டும் இடத்துக்கு ஓட்டி, கெட்டிமேளத்தில் மீட்டர் மைனஸ் 6 டெசிபலை (டெசிபல் என்பது ஒலி அளவின் அலகு) தாண்டாதபடி உள்ளீட்டைக் குறையுங்கள். பிறகு ஆரம்பத்துக்கு வந்து பதிவைத் தொடங்குங்கள். அளவு குறைவாக இருந்தால் பின்னால் கூட்டிக்கொள்ளலாம், வழிந்ததை அள்ள முடியாது. டேப்பிலேயே அன்றைக்கு வழிந்திருந்தால் அது வேறு. ஸ்பீக்கர் குழாய்க்குப் பக்கத்தில் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த அரசியல் கூட்டப் பேச்சுகளில் இது சகஜம், அதற்கு நாம் ஒன்றும் செய்வதற்கில்லை.

கணினி தூங்கப் போகாதபடி அமைத்துவிட்டு ரெக்கார்டு அழுத்துங்கள், பிறகு பிளேயரில் பிளே. ஒரு சைடு முழுவதையும் நிறுத்தாமல் பதியுங்கள். தனித்தனிப் பாட்டாக வெட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மோனோ கேசட்டை ஸ்டீரியோ பிளேயரில் பதிந்தால் ஒரே குரல் இரண்டு தடமாக வரும். இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கலக்க வேண்டாம். தனித்தனியாகக் கேட்டு, ஒன்று தெளிவாக இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாடாவின் ஓரம் கசங்கியிருந்தால் உள்பக்கத் தடம்தான் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

இரைச்சலை எடுப்பதில் நிதானம்

இரைச்சல் நீக்கும் வசதி ஆடாசிட்டியில் இருக்கிறது. யாரும் பேசாத, வெறும் "ஸ்ஸ்" மட்டும் கேட்கும் இரண்டு மூன்று நொடியைத் தேர்ந்தெடுத்து மாதிரியாகக் கொடுத்தால், அதே மாதிரி ஒலியை முழுப் பதிவிலும் குறைக்கும். 6 டெசிபல் அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டு 20, 25 என்று ஏற்றினால் இரைச்சலோடு மூச்சும் போகும், "ச" ஓசையும் போகும். மிச்சக் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கும். எங்கள் அபிப்பிராயத்தில், குடும்பப் பேச்சுக் கேசட்டுக்கு இரைச்சல் நீக்கமே வேண்டாம். இரண்டு நிமிடத்தில் காது பழகிவிடும்.

எதைச் செய்வதானாலும் நகலின் நகலில் செய்யுங்கள். பதிந்தபடியே இருக்கும் முதல் ஃபைலைத் தொடக் கூடாது.

பேச்சு தொடங்குவதற்கு ஓரிரு நொடி முன்னால் அதே சொல் மெல்லியதாகக் கேட்டால் பேய் அல்ல. சுற்றில் பக்கத்து அடுக்கின் காந்தம் இந்த அடுக்கில் லேசாகப் பதிந்திருக்கிறது, அவ்வளவுதான். பதிவுக்கு முன்னால் முழுதாக ஓட்டிச் சுற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், கொஞ்சம் குறையும்.

எந்த ஃபைலாக வைப்பது?

மென்பொருளில் சேவ் கொடுத்தால் கிடைப்பது ஆடாசிட்டி மட்டும் திறக்கக்கூடிய வேலைக் கோப்பு, அது போனில் பாடாது. பாடும் ஃபைல் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும்.

மூலப் பிரதிக்கு வேவ் அல்லது ஃபிளாக். வேவ் எண்களை அப்படியே வைப்பது. 44,100, 16 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, 60 நிமிடத்துக்கு 635 எம்பி. ஃபிளாக் ஒரு எண்ணையும் இழக்காமல் மடித்து வைப்பது. ஏறக்குறைய பாதி இடம் போதும். எம்பி3 காதுக்கு அவ்வளவாகத் தெரியாதவற்றைக் கழித்துவிட்டு எழுதுவது. 192 கேபிபிஎஸ்ஸில், அதாவது நொடிக்கு 192 கிலோபிட் வீதம், 60 நிமிடம் 86 எம்பி. சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எம்பி3 சரி, அதையே மூலமாக வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டிச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

மூலத்தை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில். இரண்டு பென் டிரைவையும் ஒரே பீரோவில் வைத்தால் அது ஓர் இடம்தான்.

கேசட்டை எறிய வேண்டாம். நாளைக்கு இதைவிட நல்ல டெக் கையில் கிடைத்தால் இன்னும் தெளிவான நகல் எடுக்கலாம். உறைக்குள் போட்டு, புத்தகம் போல நிற்கவைத்து, ஸ்பீக்கருக்கும் ஷீட் கூரைச் சூட்டுக்கும் தள்ளி, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதில் சோம்பல் கூடாது. கேசட் அட்டையில் "அம்மா பேச்சு, 88" என்று மட்டும்தான் எழுதியிருக்கும். எழுதியவருக்கு அது போதும், பேரப் பிள்ளைக்கு அது எந்த அம்மா என்று தெரியாது. டேப் ஓடும் அந்த ஒரு மணி நேரம் எப்படியும் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். வீட்டில் பெரியவர் யாரையாவது கூட உட்காரவைத்து, எத்தனையாவது நிமிடத்தில் யார் பேசுகிறார், பின்னால் அழும் குழந்தை யார், எந்தத் தெரு, எந்த வருடம் என்று கேட்டுக் கேட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒலி ஃபைலுக்கும் அதற்கும் ஒரே பெயர் கொடுத்து, ஒரே ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.